நாற்பத்தாறாம் வளைவில் மூன்று அடி

ஆகஸ்ட் 4, திங்கள்

சிமெண்ட் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. ஏழு மாதமாக வண்டியில் ஸ்டியரிங்குக்கு முன்னால் கிடந்து, வெயிலில் அட்டை வளைந்துவிட்டது. இன்று எடுத்து எழுதுகிறேன் என்றால் அதற்குச் சிட்டிபாபுதான் காரணம். "என்னென்ன வேல பண்ணுனோம், அதுக்கப்பறம் வண்டி எப்படி இழுத்துச்சுன்னு எழுதி வை. நீ வாயில சொல்றதுல பாதி புளுகு" என்றான். சிட்டிபாபு நாமக்கல்லில் என் மெக்கானிக். பதினெட்டு வருடப் பழக்கம், அதனால் வாய்க்கு வந்ததைப் பேசுவான்.

வண்டி ஆறு சிலிண்டர், ஆறு சக்கரம், இருபத்து நான்கு வருடப் பழசு. நூற்றுப் பத்து குதிரைத் திறன் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அதில் எத்தனை குதிரை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். நான் குழந்தைவேல், சேந்தமங்கலம். சொந்த வண்டி, நானே டிரைவர். வாரம் ஒரு நடை, சில வாரம் இரண்டு நடை, கொல்லிமலைக்குச் சிமெண்ட் ஏற்றிப் போகிறேன். நூற்று எண்பது மூட்டை, எழுபது கொண்டை ஊசி வளைவு. ஜூன் மாதத்திலிருந்து நாற்பத்தாறாவது வளைவில் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

புது எஞ்சின் போட எனக்கு வக்கில்லை. இருக்கிறதிலேயே கைக்கு அடக்கமான செலவில் வலு ஏற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

ஏர் ஃபில்டர் மாற்றினோம். பழையதைத் தரையில் தட்டினால் ஒரு கைப்பிடி சிமெண்ட் கொட்டியது. டேப்பட் இடைவெளி பார்த்துச் சரி செய்தான். சைலன்சரைக் கழற்றி உள்ளே கட்டியிருந்த கரியைச் சுரண்டினோம். மூக்கு, வாய், கை எல்லாம் கரி.

"மூக்குல பஞ்ச வச்சுட்டு ஏறுடான்னா அது எப்படி ஏறும்?" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூக்கில் பஞ்சு யாருக்கு வைப்பார்கள் என்று அவனுக்குத் தெரியாதா. ஜூன் மாதம் அவனும்தானே மாலை வாங்கிக்கொண்டு வந்தான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

விடியும்போது காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினேன். சும்மா சொல்லக்கூடாது, முதல் முப்பது வளைவு வண்டி நன்றாகவே இழுத்தது. நாற்பதுக்கு மேல் பனி. நாற்பத்தாறு என்ற பலகை தெரிந்ததும் எஞ்சின் சத்தம் இறங்கிற்று. இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. பிரேக்கை மிதித்து உட்கார்ந்தேன்.

அப்போது பின்னால் பாடியில் யாரோ தட்டினார்கள். டப், டப். இரண்டு.

இதை யார் படிக்கப்போகிறார்களோ, இருந்தாலும் எழுதி வைக்கிறேன். ஏற்றத்தில் சுமை வண்டி திணறினால் கிளீனர் இறங்கி, கையில் மரக்கட்டையோடு பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நடந்து வருவார். வண்டி நின்றால் சக்கரத்துக்குப் பின்னால் கட்டையைச் சொருகுவார். டிரைவர் கண்ணாடியில் அவர் தெரியமாட்டார். அதனால் தட்டுதான் எங்களுக்குப் பேச்சு. ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் முன்னால் எடு.

எனக்கு இப்போது கிளீனர் கிடையாது. தனியாகத்தான் போனேன்.

தார்ப்பாய்க் கொக்கி காற்றில் ஆடியிருக்கும். மெதுவாகப் பின்னால் இறக்கி, சாய்வு குறைந்த இடத்திலிருந்து ஓட்டம் எடுத்து ஏறிவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கொக்கியை அவிழ்த்து வீட்டில் போட்டுவிட்டேன். இனி தார்ப்பாயை வெறும் கயிறு போட்டுத்தான் கட்டப்போகிறேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்றும் நாற்பத்தாறில் இரண்டு தட்டு. கயிறு தட்டாது. எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வீட்டில் கோமதி கேட்டாள்: "பாவாயக்காவப் போயி ஒரு எட்டு பாத்துட்டு வரலாமுங்களா? அம்பத்தாறு நாளாச்சு." என் மனைவி எல்லாவற்றுக்கும் நாள் கணக்கு வைத்திருப்பாள். நான் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

பாவாயக்கா அங்கமுத்தண்ணனின் மனைவி. அண்ணன் என்னிடம் ஒன்பது வருடம் கிளீனராக இருந்தார். என்னைவிடப் பதிமூன்று வயது மூத்தவர், ஆனாலும் "டிரைவரே" என்றுதான் கூப்பிடுவார். வெற்றிலை போடுவார். பனியில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு, கட்டையைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வருவார்.

ஜூன் 17 காலை, நாற்பத்தாறில் வண்டி நின்றது. அவர் கட்டை போடக் குனிந்தபோது வண்டி கொஞ்சம் பின்னால் வழுக்கிவிட்டது. இடுப்பு வரை சக்கரத்தடியில் மாட்டிக்கொண்டார். மூன்று அடி முன்னால் எடுத்திருந்தால் சக்கரம் அவரை விட்டிருக்கும். எடுத்துப் பார்த்தேன், வண்டி இழுக்கவில்லை. ஒரு ஜீப் வந்து ஆட்கள் இறங்கி வருவதற்குள் முடிந்துவிட்டது. போலீஸிலும் இப்படித்தான் எழுதிக்கொண்டார்கள். ஊரிலும் இதைத்தான் சொன்னேன். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

பட்டறைக்குப் போனேன். பழைய இரும்புக் கடையில் ஒரு டர்போ கிடக்கிறது, மலிவாகக் கிடைக்கும், போட்டுவிடலாமா என்று கேட்டேன். சிட்டிபாபு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"டர்போ ஓடுற வண்டிக்கு மாப்ள. நின்ன எடத்துல அது வெறும் சட்டி. அதுவுமில்லாம ஆர்.சி.ல இல்லாததப் போட்டா பிரேக் இன்ஸ்பெக்டர் உன்னையும் என்னையும் சேத்து உரிச்சுருவாரு."

"அப்ப நின்ன எடத்துல இருந்து எடுக்கறதுக்கு என்ன வழி?"

"ஏப்பா, எல்லாரும் ஓட்டத்துல பவர் வேணும்பாங்க. நீ ஒருத்தன்தான் நின்ன எடத்துல இருந்து மூணு அடி எடுக்கணும், மூணு அடி எடுக்கணும்ங்கற. மூணு அடி போயி என்னத்தப் பண்ணுவ?"

கேட்டுவிட்டு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு ரொம்ப நேரம் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆறு நாசிலையும் கழற்றிச் சோதித்ததில் இரண்டு டீசலைத் தெளிக்காமல் ஒழுகவிடுகிறது என்றான். புதுசுக்குச் சொல்லியிருக்கிறோம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஒரு புதுக் கிளீனர் வந்தார். பெயர் நடேசன், நாற்பது வயதிருக்கும், பத்து வருடம் போர்வெல் போடும் ரிக் வண்டியில் இருந்தவர். நல்ல மனிதர். இருபதாவது வளைவில் டீ குடித்தோம், நாற்பதுக்கு மேல் வண்டி திணறியதும் அவரே கட்டையை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தார்.

நாற்பத்தாறில் நின்றது. நான் காத்திருந்தேன். டப், டப். அப்பாடா, இன்று ஆள் இருக்கிறார் என்று நிம்மதியாகப் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்திக் கிளட்சை விட்டேன்.

பின்னால் அலறல் கேட்டது.

வண்டி அரை அடி பின்னால் போயிருக்கிறது. நடேசனின் கை சக்கரத்துக்கும் கட்டைக்கும் நடுவில் இருந்திருக்கிறது. மயிரிழையில் இழுத்துக்கொண்டார். ஓடி வந்து கதவைத் திறந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"யோவ், கை வச்சிருக்கேன், எதுக்குய்யா எடுத்த?"

"நீங்கதானே தட்டுனீங்க?"

"நானா? கட்டையே இன்னும் போடலயே, நான் எங்கய்யா தட்டுனேன்?"

இருவரும் பின்னால் திரும்பிப் பார்த்தோம். பனிக்குள்ளே எதுவும் தெரியவில்லை. அதற்குப் பிறகு மேலே செம்மேடு வரை அவர் கேபினிலேயே உட்கார்ந்து வந்தார். இறங்கும்போதும் பின்கண்ணாடியைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நடேசன் வேலைக்கு வரவில்லை. போன் போட்டேன். கோபமெல்லாம் இல்லை, மரியாதையாகத்தான் பேசினார்.

"எனக்கு முன்னாடி இருந்தவரு இன்னும் வேலைய விட்டு நிக்கலீங்க. ஒரு வண்டிக்கு எதுக்குங்க ரெண்டு ஆளு?"

ஆகஸ்ட் 18, திங்கள்

சரியான தூக்கமில்லை. லோடு இல்லை என்று கடையில் சொல்லிவிட்டேன். லோடு இருந்தது.

ஆகஸ்ட் 21, வியாழன்

இனிமேல் ஓடி ஒளிவதில்லை என்று முடிவு செய்து போனேன். புது நாசில் போட்டாயிற்று. நாற்பத்தாறில் வண்டி தானாக நிற்பதற்கு முன் நானே நிறுத்தினேன். பின்னால் கட்டை போட்டுவிட்டு இறங்கி, முன் சக்கரத்திலிருந்து சரியாக மூன்று அடி அளந்து ஒரு வெள்ளைக் கல்லை வைத்தேன். பிறகு கட்டையை எடுத்துவிட்டேன், ஜூலையில் சரிசெய்த கைபிரேக் வண்டியைப் பிடித்துக்கொண்டது. அன்று எப்படியோ அப்படியே இருக்க வேண்டும். அதே சுமை, அதே இடம். இங்கிருந்து அந்தக் கல் வரை வண்டியை எடுத்துவிட்டால் போதும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

எடுத்துப் பார்த்தேன். இதில் என் அனுபவப் பழக்கம் ஒன்று உண்டு. வலது பாதத்தில் பாதி பிரேக்கில் இருக்கும், பாதி ஆக்சிலேட்டரில். அப்படி வைத்தால் வண்டி பின்னால் வராது. எஞ்சின் கத்தியது, கேபின் நடுங்கியது, ஏதோ கருகும் வாடை வந்தது. கல் இருந்த இடத்திலேயே இருந்தது.

டப், டப். நான் முயற்சி செய்யும்போதெல்லாம் தட்டு. நின்றால் கொஞ்சம் பொறுத்து மறுபடியும் இரண்டு. அவசரமே இல்லாத தட்டு. இருபது நிமிடம் ஆகும்போது தட்டு மெலிய ஆரம்பித்தது. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டது. இரண்டாவது வரவில்லை. கடைசித் தட்டு எப்போதும் அப்படித்தான்.

'எப்போதும்' என்று ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

கிளட்ச் பிளேட் போய்விட்டது. கழற்றினால் அடுப்புக்கரி மாதிரி இருக்கிறது. பின் பிரேக் லைனரும் தீய்ந்திருக்கிறது. சிட்டிபாபு இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"மாப்ள, பிரேக்கையும் மிதிச்சுக்கிட்டு கிளட்சையும் விட்டா ஆறு சிலிண்டர் இல்ல, அறுவது சிலிண்டர் வச்சாலும் வண்டி நகராது."

"பிரேக்க எவன் மிதிச்சான்? மலையில ஓட்டிப் பாத்திருக்கியா நீ? பட்டறையில உக்காந்துக்கிட்டு பேசாத."

"சரி, நான் ஒண்ணும் சொல்லல. ஜூன் மாசம் கழட்டுன பிளேட்டும் இதே மாதிரிதான் இருந்துச்சு."

இரண்டையும் புதுசாக மாட்டச் சொல்லிவிட்டு வந்தேன். இவனுக்கு வேறு வேலை இல்லை.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. சாவு நடந்த வீட்டில் இந்த வருடம் பண்டிகை இல்லை என்று கோமதி கொழுக்கட்டை கொண்டுபோனாள். இந்த முறை தப்பிக்க முடியவில்லை, நானும் போனேன்.

பாவாயக்கா இளைத்துவிட்டார். கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலைக்குப் போகிறாராம். எனக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் முகத்தைப் பார்க்காமல் குடித்தேன்.

"வண்டிய என்னமோ ரிப்பேரு பண்றீங்களாமா தம்பி?"

"ஆமாக்கா. கொஞ்சம் வலு ஏத்தலாம்னு."

"நல்லதுங்க. இன்னொரு வூட்டுக்கு இப்படி ஆகக்கூடாது." கொஞ்சம் பொறுத்து அவரே சொன்னார்: "நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க. வண்டிக்கு வலு இல்லாததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

திட்டியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். அதைத் தாங்கிக்கொண்டிருப்பேன்.

ஆகஸ்ட் 30, சனி

இன்றுதான் உருப்படியான வேலை நடந்தது. எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் டீசல் பம்ப்தான் ஆறு சிலிண்டருக்கும் டீசலை அளந்து கொடுக்கிறது. அந்த அளவை வைக்கிற ஸ்க்ரூ ஒன்று உண்டு. கம்பெனியில் அதற்கு ஒரு குறி போட்டு சீல் வைத்திருப்பார்கள். சிட்டிபாபு பம்பைப் பெஞ்சில் ஏற்றி, குறியைத் தாண்டிக் கால் சுற்று திருப்பினான்.

"மத்ததெல்லாம் தொடச்சு வச்ச வேல. பவருன்னா இதான். பொகை வரும், டீசல் குடிக்கும். ஆனா யானை மாதிரி எடுக்கும்."

லோடோடு சேந்தமங்கலம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். அம்மாடி! பின்னால் கரும்புகை ரோட்டையே மறைக்கிறது. மிதித்தால் சீட்டில் முதுகு ஒட்டுகிறது. ரொம்ப நாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தேன். இந்த எஞ்சின் அன்று இருந்திருந்தால் மூன்று அடி என்ன, முப்பது அடி எடுத்திருக்கும். அன்று இல்லை. அதுதான் விதி.

செப்டம்பர் 3, புதன்

எஃப்.சி. நாள், அதாவது ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டிக்குத் தகுதிச் சான்று வாங்கும் நாள். பழைய வண்டி என்பதால் வருடா வருடம் காட்ட வேண்டும். சிட்டிபாபு தானே ஓட்டிக்கொண்டு போய்க் காட்டி, பாஸ் வாங்கி, சாயங்காலம் வீட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குக் கொண்டுவா, மீதி வேலை இருக்கிறது என்றான். ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுவதாக இருக்கும். அவன் கிளம்பும்போது ஏதோ சொல்ல வந்தான், வீட்டிலிருந்து போன் வந்ததும் ஓடிவிட்டான்.

நான் வெள்ளிக்கிழமை மலைக்குப் போகிறேன். ஞாயிறு வரை எனக்குப் பொறுக்காது.

செப்டம்பர் 5, வெள்ளி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நூற்று எண்பது மூட்டை. காலை ஆறரைக்கு நாற்பத்தாறு. பனி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. நிறுத்தினேன், கட்டை போட்டேன், அளந்து கல்லை வைத்தேன், கட்டையை எடுத்தேன், ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக் கைபிரேக்கை விட்டேன். பறவைச் சத்தம்கூட இல்லை.

டப், டப்.

இந்த முறை நான் பயப்படவில்லை. இதற்காகத்தானே வந்தேன். "இருங்கண்ணே, எடுத்தர்றேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். பம்ப் இருக்கிறது, யானை மாதிரி எடுக்கும் என்று சிட்டிபாபு சொல்லியிருக்கிறான், பிறகு என்ன பயம்? முதல் கியர். கிளட்சைப் பாதி விட்டேன், எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொண்டது தெரிந்தது. வலது காலைப் பிரேக்கிலிருந்து முழுசாக எடுத்தேன்.

வண்டி பின்னால் ஒரு அங்குலம்கூட வரவில்லை.

எடுத்தது. சத்தமில்லாமல், இழுபறி இல்லாமல், தண்ணீரில் படகு போகிற மாதிரி எடுத்தது. கல்லை ஏறி மிதித்துக்கொண்டு போயிற்று. மூன்று அடி, நான்கு அடி, ஐந்து. அங்கே நிறுத்தினேன்.

காது கொடுத்துக் கேட்டேன். தட்டு இல்லை. இறங்கிப் பின்னால் போனேன். ஜூன் 17க்குப் பிறகு அந்த இடத்தில் வண்டிக்குப் பின்னால் போய் நின்று தரையைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கட்டை போடும்போதுகூடப் பக்கவாட்டில் நின்று, தலையைத் திருப்பிக்கொண்டுதான் போடுவேன். ஈரத் தார்ரோடு. வேறு ஒன்றுமில்லை. உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், வாய்விட்டு அழுதேன். "எடுத்துட்டேண்ணே, எடுத்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

புகைகூட வரவில்லை. புது எஞ்சின் மாதிரி ஓடுகிறது.

செப்டம்பர் 6, சனி

நன்றாகத் தூங்கினேன். கறி எடுத்துச் சமைக்கச் சொன்னேன். புரட்டாசி வருவதற்குள் பாவாயக்காவைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை மலைக் கோயிலுக்குப் போய் வரலாம் என்று கோமதியிடம் நானாகச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பட்டறைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை கதையைச் சிட்டிபாபுவிடம் சொன்னேன். மூன்று அடி கேட்டேன், ஐந்து அடி எடுத்தது என்றேன். அவன் பானட்டைத் திறந்த கையோடு அப்படியே நின்றான்.

"மலைக்குப் போனியா? இதுலயா?"

"பின்ன வேற எதுல?"

"எத்தன மூட்ட?"

"நூத்தி எம்பது."

அவன் பம்பைக் காட்டினான். ஸ்க்ரூ பழைய குறியில் நின்றது.

"மாப்ள, அந்தப் பொகையோட போனா எஃப்.சி. எப்படிக் கெடைக்கும்? புதன்கெழம காலைலயே பம்ப கம்பெனிக் குறிக்கு எறக்கிட்டேன். நாசிலும் பழசயே போட்டுட்டேன். புதுசு ரெண்டும் இந்தா, டப்பாவுல கெடக்கு. இதெல்லாம் திருப்பி ஏத்தத்தான் ஞாயித்துக்கெழம வரச் சொன்னேன்."

"அப்ப வெள்ளிக்கெழம..."

"வெள்ளிக்கெழம நீ ஓட்டுனது பழைய வண்டி. ஜூன் மாசம் எப்படி இருந்துச்சோ அப்படியே."

ஏர் ஃபில்டர் புதுசு ஆயிற்றே என்றேன். சைலன்சர் சுத்தம் பண்ணினோமே என்றேன். டேப்பட் என்றேன். கிளட்ச் என்றேன்.

"அதெல்லாம் ஓட்டத்துக்கு. கிளட்ச் ஜூன் மாசம் மலைக்குப் போறப்பவும் நல்ல பிளேட்டுதான், நான்தான் சித்திரையில மாட்டுனேன். நின்ன வண்டிய எடுக்கறதுக்கு இந்த எஞ்சினுக்கு எப்பவுமே வலு இருந்துச்சு மாப்ள."

அவன் ஏன் அவ்வளவு மெதுவாகப் பேசினான் என்று புரிந்தது. பம்பை ஏற்றட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

பட்டப்பகல், பன்னிரண்டு மணி. வண்டி வீட்டு முன்னால், சமதரையில், சுமை இல்லாமல், சாவி என் சட்டைப் பையில். நான் சோற்றில் கை வைத்திருந்தேன். கோமதி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, யாரோ வண்டியத் தட்றாங்க. போயிப் பாருங்க."

"எத்தன தட்டு?"

"என்ன கேள்விங்க இது? ரெண்டு ரெண்டாத் தட்றாங்க."

போகவில்லை. அவள் போய்ப் பார்த்துவிட்டு யாருமில்லை என்று வந்தாள். மூன்று மணி வரை தட்டிற்று. அவளுக்கும் கேட்டது. அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஜூன் 17.

வண்டி நின்றது. அண்ணன் கட்டை போடக் குனிந்தார். வண்டி வழுக்கிற்று. ஒரு சத்தம் கேட்டது. பிறகு "டிரைவரே" என்று ஒரு தடவை கூப்பிட்டார். பிறகு தட்டினார். இரண்டு.

கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் தடுப்புச் சுவர் இடிந்து கிடந்தது, அதற்குப் பின்னால் பனி, பனிக்குக் கீழே பள்ளம். கைபிரேக் அப்போது பேருக்குத்தான் இருந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி என்னோடு சேர்ந்து பள்ளத்துக்குப் போய்விடும் என்று நினைத்தேன். காலை எடுக்கவில்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்சிலேட்டரை அமுக்கினேன். எஞ்சின் கத்தட்டும், நான் முயற்சி செய்வது அவருக்குக் கேட்கட்டும் என்று அமுக்கினேன். இதுதான் உண்மை. அவருக்குக் கேட்பதற்காக அமுக்கினேன்.

இருபது நிமிடம் தட்டினார். இரண்டு இரண்டாக. நான் சீட்டில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

வண்டிக்கு வலு இல்லை என்று ஜீப்காரர்களிடம் சொன்னேன். போலீஸிடம் சொன்னேன். ஊரிடம் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பி, ஒரு பாவமும் அறியாத எஞ்சினைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தேன்.

செப்டம்பர் 10, புதன்

கோழிப்பண்ணைக்குப் போனேன். பாவாயக்கா முட்டை அட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். கம்பி வேலிக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. நான் சொல்லி முடிக்கிறவரை அவர் அட்டையைக் கீழே வைக்கவில்லை.

"எத்தன நேரம் தட்டுனாரு?"

"இருவது நிமிஷம்க்கா."

"நீங்க உள்ளயே உக்காந்திருந்தீங்க."

"ஆமாக்கா. பயந்துட்டேன்."

அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். அவர் குரல்கூட உயரவில்லை.

"அவரு பயந்திருக்க மாட்டாருங்க. உள்ள நீங்க இருக்கீங்கன்னு தெம்பா இருந்திருப்பாரு. அதான் விடாமத் தட்டிட்டு இருந்திருக்காரு."

அட்டையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு பண்ணைக்குள் போய்விட்டார்.